கருமுட்டையை வெளிநாட்டுக்கு அனுப்ப எந்தக் குறியீடு, என்ன சான்று?

கேள்வி: புதுச்சேரியின் பாகூர் அருகே சிறுவிடை, பெருவிடை என்னும் நாட்டுக்கோழி இனங்களில் ஏறத்தாழ 200 தாய்க்கோழிகள் வளர்த்து வருகிறேன். பிரான்சில் குடியேறிய என் மைத்துனர், அங்கே வீட்டுத் தோட்டத்தில் அடை வைக்க 60 கருமுட்டைகள் அனுப்பச் சொல்கிறார். மஸ்கட்டில் பண்ணை வைத்திருக்கும் வேறொருவரும் மாதந்தோறும் வாங்கத் தயார் என்கிறார். கூரியர் அலுவலகத்தில் சுங்கக் குறியீட்டு எண் கேட்கிறார்கள். சாப்பாட்டு முட்டை என்று எழுதிவிட்டால் சிக்கல் இராது என்று ஒரு நண்பர் சொல்கிறார். எந்த எண்ணை எழுத வேண்டும்? முட்டை கெடாமல் போய்ச் சேருமா?

பதில்: நீங்கள் கேட்ட எண் 0407 11. ஓட்டோடு கூடிய பறவை முட்டைகள் அனைத்தும் 0407 என்னும் தலைப்பில் அடங்கும். அதற்குள் குஞ்சு பொரிப்பதற்கான கோழிக் கருமுட்டைக்கு 0407 11, வாத்து, காடை, வான்கோழி போன்ற பிற பறவைகளின் கருமுட்டைக்கு 0407 19, உணவுக்கான புதிய கோழி முட்டைக்கு 0407 21 என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனித்தனியே பிரித்தார்கள். இந்த முதல் ஆறு இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பின் முறையைப் பின்பற்றும் நாடுகளுக்கெல்லாம் பொதுவானவை. அதற்குப் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்ளும். இந்தியாவில் உங்கள் முட்டைக்கு முழு எண் 0407 11 00. முட்டைக்குப் பதிலாக ஒரு நாள் குஞ்சுகளை அனுப்பினால் 0105 என்னும் வேறு தலைப்புக்குப் போய்விடும்.

நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம். கரு கூடியதா இல்லையா என்பது ஓட்டைப் பார்த்துத் தெரிவதில்லை என்பதால், சுங்க அதிகாரி விலைப்பட்டியலையும் கால்நடை மருத்துவச் சான்றையும் வைத்தே வகைப்படுத்துகிறார். உணவு முட்டை என்று அறிவித்துவிட்டு அடைக்கு அனுப்புவது பொய் அறிவிப்பு; 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் இடமுண்டு. அதைவிடப் பெரிய கேடு நோய் பரவுவது. சால்மோனெல்லா, மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகக் கூடியவை என்பதால்தான் கருமுட்டைக்கு உணவு முட்டையை விடக் கடுமையான நிபந்தனை வைக்கிறார்கள்.

ஆகவே எண் எது என்பதற்கு முன்னால், அந்த நாடு நம் நாட்டுக் கருமுட்டையை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரான்சைப் பொறுத்தவரை விடை தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியம் கருமுட்டை அனுப்ப அனுமதித்துள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை; 60 முட்டை என்றாலும், உறவினருக்குப் பரிசு என்றாலும், பயணப் பெட்டியில் வைத்தாலும் இதுவே நிலை. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவுள்ள, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவும் ஒன்றியத்தின் பகுதியே என்பதால் அந்த வழியும் இல்லை. மைத்துனர் அங்கேயே கிடைக்கும் இனங்களை வாங்கிக்கொள்வதே முறை.

மஸ்கட் வேறு வகை. நாமக்கல் உணவு முட்டைகள் ஓமானுக்குப் போவதால் இதுவும் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குபவர் முதலில் அந்நாட்டு அரசிடம் இறக்குமதி அனுமதி பெற்று, அதில் கேட்கும் நோய்ப் பரிசோதனைகளின் பட்டியலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை முட்டை சேர்க்கத் தொடங்காதீர்கள். பறவைக் காய்ச்சல் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து இந்தியக் கோழிப் பொருள்களுக்கு வெளிநாடுகள் அவ்வப்போது தடை விதித்து வந்துள்ளன. இதற்கு மாற்றாக, கிருமி உள்ளே வராமல் காக்கும் கண்டிப்பான உயிரிப் பாதுகாப்புடன் இயங்கும் 26 பண்ணைத் தொகுதிகளை நோயற்றவை என்று 2023இல் இந்தியா அறிவித்தது. திறந்த வெளியில் மேயும் நாட்டுக்கோழி மந்தை அவ்வாறான தகுதியை எளிதில் பெறாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைத்தால், வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் ஏற்றுமதியாளர் குறியீடும், வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு ஆணையமான அபேடாவின் பதிவும், சென்னையிலுள்ள கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றும் தேவைப்படும். சுங்க முகவர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது; கூரியர் கவுண்டரில் முடிகிற வேலையன்று இது.

இனி முட்டையின் கதி. கரு வளர்ச்சி ஏறத்தாழ 20, 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே நின்றுவிடும். நம் கோடை வெப்பத்தில் அறையில் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின் செத்துப்போகும். அடை வைத்த பிறகு கூமுட்டை என்று சேவலைக் குறை சொல்வார்கள். இட்ட அன்றே 15 முதல் 18 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், அகன்ற முனை மேலாக அடுக்குங்கள். ஏழு நாளுக்குள் அடைக்கு வைக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். ஆகையால் சேகரிப்பு, சான்று, விமானம் எல்லாம் ஒரே வாரத்துக்குள் அடங்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. குளிர் அறையிலிருந்து எடுத்த முட்டையை நேராக வெளியே வைத்தால், இங்குள்ள ஈரக்காற்று பட்டவுடன் ஓடு வியர்த்துவிடும். அந்த நீர் வழியாகக் கிருமி ஓட்டின் நுண்துளைகளில் இறங்கும். எனவே அட்டைப் பெட்டிகளைக் குளிர் அறைக்குள்ளேயே மூடி, குளிர்சாதன வாகனத்தில் ஏற்றிச் சென்னைச் சரக்கு முனையம்வரை அதே வெப்பநிலையில் கொண்டுபோங்கள். அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். விமானச் சரக்கில் கருமுட்டைக்கு எச்.ஈ.ஜி. என்னும் தனிக் கையாளுகைக் குறி உண்டு. அது பெட்டியிலும் ஆவணத்திலும் இருந்தால்தான் உலர் பனிக்கட்டிச் சரக்கின் அருகில் வைக்காமல் தள்ளி வைப்பார்கள், ஏனெனில் அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு கருவைக் கொல்லும். போய்ச் சேர்ந்தவுடன் இன்குபேட்டரில் வைக்க வேண்டாம் என்றும், முட்டையின் அகன்ற முனையிலுள்ள, குலுங்கிய காற்றறை அமைதியடைய ஒரு நாள் அசையாமல் வைக்க வேண்டும் என்றும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் முட்டைகளின் கருவைச் சோதிக்க முடியாது என்பதால், அதே வாரத்து முட்டைகளில் சிலவற்றை உங்களிடமே அடை வைத்து ஏழாம் நாள் விளக்கொளியில் பாருங்கள். பிறகு குறை வந்தால் பழுது மந்தையிலா பயணத்திலா என்று அதைக் கொண்டு பிரித்தறியலாம். மந்தைக்கான இரத்தப் பரிசோதனை பற்றிக் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள். மஸ்கட்டிலிருந்து அனுமதித் தாள் வரும்வரை, இதே முட்டைகளைப் பொரித்துக் குஞ்சுகளாக இங்கேயே விற்பதற்கு எந்தச் சுங்கக் குறியீடும் தேவையில்லை.