கண்ணாடியில் பேய் தெரியலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் அமானுஷ்யத் தொடர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். தொடர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம். வெவ்வேறு தொடர்களைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரே குறைகளைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மூன்றாவது எபிசோடில் பேய்க்குக் கண்ணாடியில் பிம்பம் இல்லை என்று காட்டினார்கள். கதாநாயகி அதை வைத்துத்தான் பேயைக் கண்டுபிடிக்கிறாள். ஒன்பதாவது எபிசோடில் அதே பேய் ஆளுயரக் கண்ணாடியில் பளிச்சென்று தெரிகிறது. நான் இதைத் தவறு என்கிறேன். "பேய்க்கு ஏது லாஜிக்?" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. பேய் உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் தொடரைப் பார்க்க உட்காருகிறோம். அந்த ஒரு சலுகையோடு நம் பங்கு முடிந்தது. அந்தப் பேய் யார் கண்ணுக்குத் தெரியும், பகலில் வருமா, பொருளைத் தொட முடியுமா, எதைக் கண்டால் நிற்கும் என்பதையெல்லாம் கதைதான் சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். நிலைப்படியைத் தாண்டி அதனால் உள்ளே வர முடியாது என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான், குழந்தையின் பந்து உருண்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் போகும்போது வயிற்றைக் கலக்கும். பேய் எங்கேயும் வரலாம், எதையும் செய்யலாம் என்றால் பந்து எந்தப் பக்கம் உருண்டால் என்ன?

ஆனால் ஒன்பதாவது எபிசோடில் நடந்தது கவனக்குறைவா, வேண்டுமென்றே வைத்த முடிச்சா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டு, கண்ணாடியில் உருவம் தெரிந்த பிறகு வரும் அடுத்த ஷாட்டைப் பாருங்கள். யாராவது ஒருவர் அதைக் கவனிக்கிறாரா? ஒரு முகத்துக்குக் க்ளோசப் போகிறதா? கேமரா வழக்கத்தைவிட ஓரிரு நொடி அதிகமாகக் கண்ணாடியில் நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், பேயின் நிலை மாறிவிட்டது என்று பின்னால் சொல்லப் போகிறார்கள், பொறுத்திருக்கலாம். யாருமே பொருட்படுத்தாமல் காட்சி நகர்ந்துவிட்டால் அது கோட்டைவிட்டதுதான்.

இப்படிக் கோட்டைவிடக் காரணம் உண்டு. தொடர்களைக் கதை வரிசையில் படம் பிடிப்பதில்லை. ஒரு அறை கிடைத்தால் அந்த அறையில் நடக்கும் பல எபிசோடுகளின் காட்சிகளைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எழுதுபவரும் இயக்குபவரும் எபிசோடுக்கு எபிசோடு மாறலாம். அதனால்தான் நல்ல குழுக்கள் பேயின் விதிகளைத் தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, எந்த விதி எந்த எபிசோடில் சொல்லப்பட்டது என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்கின்றன. கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் புடவை நிறத்தையும் நெற்றிப் பொட்டையும் சரிபார்க்கிற அதே கவனத்தோடு இந்தப் பக்கத்தையும் புரட்டியிருந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிம்பம் இல்லாத ஷாட் எடுப்பது மெனக்கெட்ட வேலை. நடிகையை நிற்க வைத்து ஒரு முறை, அவர் இல்லாமல் ஒரு முறை என்று கேமராவை அசைக்காமல் இரண்டு தடவை எடுக்க வேண்டும். பிறகு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பகுதியை மட்டும் இரண்டாவது பதிவிலிருந்து வெட்டி, முதலாவதில் ஒட்ட வேண்டும். நடிகையின் தோளோ முடியோ சட்டத்தின் விளிம்பைக் கடந்தால், கடந்த இடத்தையெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வெட்டிச் சரிசெய்ய வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 4 நொடி ஷாட்டுக்கு 100 படங்கள். அவசரத்தில் முடிக்கும் எபிசோடில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான். செய்ய நேரமில்லை என்றால் அந்த அறையிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டிருக்கலாம்.

கேள்வி: உச்சக்கட்டம் முழுக்க இருட்டு. பேய் வந்ததா, போனதா என்றே தெரியவில்லை. திரையில் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. டிவி புதியதுதான். குறை யாருடையது?

பதில்: பாதி அவர்களுடையது. மீதிப் பாதியை நீங்களே சரிசெய்துவிடலாம்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாவது சீசனில், 2019 ஏப்ரலில் ஒளிபரப்பான இரவுப் போர் எபிசோடுக்கும் உலகம் முழுக்க இதே புகார்தான் வந்தது. வண்ணம் சீர்செய்யும் அறை மங்கலாக இருக்கும். அளவு பிசகாத மானிட்டரில் வைத்துத்தான் காட்சியை இருட்டாக்குவார்கள், அங்கே கறுப்புத் துணியின் மடிப்புகூடத் தெரியும். சாதாரண 8 பிட் வீடியோவில் வெளிச்சத்தை 0 முதல் 255 வரையான எண்களால் குறிப்பார்கள்; முழுக் கறுப்புக்கு எண் 16, முழு வெள்ளைக்கு 235. மிக இருட்டான காட்சி மொத்தமும் 16-க்கு மேலே உள்ள கொஞ்சம் படிகளுக்குள் அடங்கிவிடும். அந்த வீடியோவை அனுப்பும்போது தரவின் அளவைக் குறைக்கச் சுருக்குகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு, இருட்டில் உள்ள நுணுக்கங்களைத்தான் மென்பொருள் முதலில் தள்ளிவிடும். நீங்கள் பார்த்த கட்டங்கள் அப்படி வந்தவை. இதைத் தெரிந்துகொண்டு, முகத்தின் ஒரு ஓரத்திலாவது விளக்கொளி படும்படி வைப்பது ஒளிப்பதிவாளரின் கடமை.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: படத்துக்கான அமைப்பை 'சினிமா' அல்லது 'மூவி' முறைக்கு மாற்றுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகக் கூடிக் குறையும் மின்சேமிப்பு வசதியை அணையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணையுங்கள். பிறகு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் ஏதாவது ஒரு படத்தின் இருட்டான காட்சியில் நிறுத்திக்கொண்டு, பிரைட்னஸ் அளவைப் பட்டை சாம்பல் நிறமாகும் வரை ஏற்றுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக இறக்கி, பட்டை மறுபடி கறுப்பான கணத்தில் நிறுத்துங்கள். நடிகரின் கறுப்பு முடியில் இழைகள் தெரிந்தால் அளவு சரி. பலரும் ஒரேயடியாக இறக்கிவிடுவதால் முடி மொத்தமும் ஒரே மையாகிவிடுகிறது. சில டிவிகளில் பிரைட்னஸ் என்ற பெயரில் பின்விளக்கின் வெளிச்சத்தை வைத்திருப்பார்கள். ஏற்றினால் படம் முழுக்கச் சேர்ந்து வெளிச்சமானால் அது பின்விளக்கு. கறுப்பு அளவு வேறு பெயரில் இருக்கும், தேடுங்கள்.

திரையில் பிரதிபலிக்கும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். முழு இருட்டு பிடிக்காதவர்கள் டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்றை வைக்கலாம்.

கேள்வி: பேசுவது காதில் விழாமல் சத்தத்தைக் கூட்டுகிறேன். உடனே 'டமார்' என்று ஒரு ஒலி வந்து வீடே அதிர்கிறது. இதெல்லாம் ஒரு பயமா?

பதில்: அது திடுக்கிடல். எதிர்பாராத உரத்த ஒலி கேட்டால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கும், தொடர்ந்து தோள் சுருங்கும். பாத்திரம் கீழே விழுந்தாலும் இதேதான் நடக்கும். திடுக்கிட வைத்ததற்காக எந்த இயக்குநருக்கும் மதிப்பெண் போட வேண்டாம்.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று நொடிகளில் கைத்திறன் தெரியும். எந்த அறைக்கும் ஒரு ஒலி உண்டு. மின்விசிறி, வெளியே பூச்சிகள், தூரத்து வாகனம் எல்லாம் காட்சி முழுக்க மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்கும். தேர்ந்த ஒலிக்கலவையாளர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உருவிவிடுவார். முதலில் பூச்சிகள், அடுத்து விசிறி. ஏன் என்று தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அந்த இடத்தில் ஒன்றுமே வராமல் காட்சியை நீட்டினால் அதுதான் அச்சம். உடனே 'டமார்' போடுகிறவர், கூடிவந்த அச்சத்தைத் தானே செலவழித்துவிடுகிறார். ஒரு எபிசோடில் ஒன்று போதும். நான்கு வைத்தால் மூன்றாவதிலிருந்து பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்.

சத்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டமைப்பு 2010-ல் வகுத்த ஆர் 128 பரிந்துரை −23 LUFS (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற இலக்கைச் சொல்கிறது. ஆனால் அது நிகழ்ச்சி முழுவதற்குமான சராசரி. 40 நிமிடம் கிசுகிசுத்தால், ஒரு நொடி வெடிப்புக்கு இடம் கிடைத்துவிடும். டிவியின் ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள், மெல்லிய ஒலி உயர்ந்து உரத்த ஒலி அடங்கும்.

கேள்வி: காதுக்குக் கேட்காத அதிர்வை ஒலியில் கலந்து பயத்தை உண்டாக்குகிறார்களாமே?

பதில்: 1998-ல் இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டி, ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆட்கள் உணர்ந்த 'ஆவி நடமாட்டத்துக்கு' அங்கே சுழன்ற விசிறியிலிருந்து வந்த காதுக்குக் கேட்காத ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 19 தடவை) அதிர்வே காரணம் என்று எழுதினார். கதை அங்கிருந்து பரவியது. உங்கள் டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்பவே முடியாது. கவலை வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டு வாரம் பயமுறுத்திவிட்டு, கடைசியில் டாக்டர் வந்து "எல்லாம் அவள் மனப்பிரமை" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஏமாந்த உணர்வு. என் எதிர்பார்ப்பு தவறா?

பதில்: மனப்பிரமை என்று முடிப்பதே தப்பில்லை. நேர்மையாக முடித்தார்களா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். அவள் இல்லாத காட்சியில் பேய் ஏதாவது செய்ததா? அவள் ஊரிலேயே இல்லாத இரவில் ஊஞ்சல் தானாக ஆடியது, அதை நாம் மட்டும் பார்த்தோம் என்றால் அந்த ஊஞ்சலை ஆட்டியது யார்? டாக்டரிடம் பதில் இருக்காது. அது மோசடி, உங்கள் கோபம் நியாயம். எல்லா அமானுஷ்யமும் அவள் பார்வையில், அவள் இருந்த அறையில் மட்டுமே நடந்திருந்தால் கதாசிரியர் ஆரம்பத்திலிருந்தே கணக்காக இருந்திருக்கிறார். மறுபடி பார்த்தால் ருசிக்கும்.

விளக்கம் சொல்வதென்றால் அதற்கும் உழைப்பு வேண்டும். உறக்க முடக்கம் என்று ஒன்று உண்டு. கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த நிலை கலைவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த பாரம் இருக்கும், அறையில் உருவம் தெரியும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விட்டுவிடும். அமுக்குவான் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். அதை அடிப்படையாக வைத்தவர், பேய் வரும் ஒவ்வொரு முறையும் அவளைப் படுக்கையில் வைத்திருப்பார். பெயர்கூடச் சொல்லாமல் 'மனநோய்' என்று ஒரு சொல்லில் அடைப்பது கதைக்கும் கேடு, உண்மையிலேயே அந்த நோயோடு வாழ்பவர்களுக்கும் அவமதிப்பு.

கேள்வி: இரவுக் காட்சி ஏன் எப்போதும் நீலமாக இருக்கிறது?

பதில்: மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பை இழந்து நீலப்பச்சையை நன்றாக வாங்கும். அதனால் நீலத்தை இரவு என்று மனம் உடனே ஏற்றுக்கொள்கிறது. பகலில் எடுத்து இரவாக்கும்போது இந்த ஏற்பு பெரிய வசதி. பகலில் எடுத்ததைக் கண்டுபிடிக்க, தரையில் கூர்மையான நிழல் குட்டையாக விழுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: செய்தி நேரலை போலவே ஒரு பேய் எபிசோடை எடுத்தால் எப்படி இருக்கும்?

பதில்: எடுத்திருக்கிறார்கள். 1992 அக்டோபர் 31 இரவு பிரிட்டனின் பிபிசி-1 தொலைக்காட்சியில் 'கோஸ்ட்வாட்ச்' வந்தது. முன்பே படம் பிடித்த நாடகம்தான், தொடக்கத்தில் எழுதியவர் பெயரும் போட்டார்கள். ஆனால் நடத்தியவர் எல்லோரும் அறிந்த தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன், திரையில் இருந்தது பிபிசியின் நிஜமான தொலைபேசி எண். அழைப்பவர்களுக்கு இது கற்பனை என்று சொல்ல ஏற்பாடு செய்திருந்தும், குவிந்த அழைப்புகளில் பலருக்கு லைனே கிடைக்கவில்லை. புகார்கள் குவிந்தன. பிபிசி அதை மறுஒளிபரப்பு செய்யவே இல்லை. அதில் பேய் பெரும்பாலும் ஓரத்தில், திரைச்சீலையருகே, கண்ணாடிக் கதவில், நொடிக்கும் குறைவாகத் தெரிந்து மறையும். பார்த்தோமா இல்லையா என்று பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், அதுதான் அளவு.

கேள்வி: ஆறு வயது மகள் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு இரவில் தூங்க மறுக்கிறாள். "அதெல்லாம் பொய்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

பதில்: அந்த வயதில் சொல்லால் பயம் போகாது, கண்ணால் பார்த்தால் போகும். பகலில், உங்கள் மடியில் உட்கார வைத்து, மாவைக் குழைத்து உங்கள் கன்னத்தில் காயம் போல ஒட்டவும் பிய்த்து எடுக்கவும் அவளையே செய்யச் சொல்லுங்கள். தொடரை மறுபடி காட்டாதீர்கள். படுக்கும்போது விளக்கு கேட்டால் போட்டுக் கொடுங்கள்.