செயன்முறைப் பரீட்சைக்கு முன் செய்ய வேண்டியவை: நாடகம் படிக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: எனக்குத் தம்பிலுவில். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்க ஆசை. பள்ளிக்கூட நாடகத்தில் நடித்ததோடு சரி, கூத்து ஆடியதில்லை. செயன்முறைப் பரீட்சைக்கு எப்படித் தயாராவது?

பதில்: ஆட்டம் பாட்டுக்கு முன்னால் காகித வேலையை முடியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி விண்ணப்பத்தில் பாடநெறியைக் குறித்ததோடு அலுவல் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. செயன்முறைப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும். அதற்கும் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அந்தப் பரீட்சையில் சித்தியில்லாமல் இடமில்லை. ஆணைக்குழுவின் அந்தந்த வருட அனுமதிக் கைநூலை வைத்துக்கொண்டு, நிறுவகத்தின் இணையத்தளத்தையும் கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். பரீட்சையில் என்னென்ன கேட்பார்கள் என்பதற்கு அந்த அறிவித்தலே ஆதாரம், ரியூசன் வாசல் கதையல்ல.

இனி உடம்பு. கூத்து ஆடாதது குறையில்லை. தாளம் பிடிபடாதது குறை. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தால் வெற்றிலை பாக்கோடு போய்க் கேளுங்கள். முழுக்கூத்தும் வேண்டாம், ஒரு பாத்திரம் முதலில் வரும்போது ஆடும் வரவு ஆட்டம் போதும். முதல் இரண்டு கிழமை காலைத் தூக்கவே வேண்டாம்: ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டை வாயால் சொல்லி, கையால் தட்டுங்கள். வாய் தடுமாறாமல் வந்த பிறகு கால். அநேகமானோர் சறுக்குவது வேகத்தில்தான். ஆட்டம் சூடேற மூச்சு வாங்கும், வாய் பின்தங்கும், கால் தன்பாட்டில் ஓடும். தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வந்து விழும் இடத்தில் மத்தளம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆறுதலான வேகத்தில் ஐந்து நிமிடம் நிற்காமல் ஆட முடிகிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் வேகம் கூட்டவேண்டும். பழகுவது மணல் முற்றத்தில். மாபிள் தரையில் குதித்தால் முழங்கால் போய்விடும்.

வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தின் வேறுபாட்டைக் கொப்பியில் எழுதியதுபோல ஒப்புவிப்பதைவிட இரண்டையும் ஒவ்வொரு இரவாவது கூத்தாடும் களரியோரம் இருந்து பாருங்கள். வடமோடியில் போர்க்கதைகள் கூடுதல், உடுப்பும் முடியும் பாரம். அந்தப் பாரம் ஆட்டத்தை என்ன செய்கிறது என்பது பார்த்தால்தான் தெரியும். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருப்பதால் ஆடுபவருக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூட மேடையில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

குரலுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம். பதினைந்து மீற்றர் தள்ளி ஒருவரை நிறுத்தி, கத்தாமல் அவருக்குச் சொல் விளங்கும்படி பேசுங்கள். தொண்டை நோகுமென்றால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். வயிறு அசைய மூச்செடுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியே கேட்கவேண்டும்.

நடித்துக் காட்ட ஒரு பகுதியைத் தயார் செய்வதென்றால் இரண்டு மூன்று நிமிடம் போதும். உங்கள் வயதுக்குக் கிட்டிய பாத்திரமாக எடுங்கள். சினிமா வசனம் வேண்டாம்: அதைப் பேசிய நடிகரின் குரல்தான் வரும், உங்களுடையது வராது. அழுகையில் தொடங்கும் பகுதியும் வேண்டாம், தொடங்கிய பிறகு ஏறுவதற்கு இடமிருக்காது. திடீரென ஒரு சூழலைத் தந்து நடிக்கச் சொன்னால் மனதில் மூன்றை மட்டும் முடிவுசெய்யுங்கள்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் என்றால், மருந்தோடு வீட்டுக்குப் போக வேண்டியவர், கொண்டக்டர் இடமில்லை என்கிறார். இவ்வளவு இருந்தால் கைக்கும் காலுக்கும் வேலை தானாக வரும். அது இல்லாதவர்கள்தான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

எழுத்துப் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உள்ளே போனபின் பலர் திகைப்பது அங்கேதான். நாடகப் படிப்பு நடிப்பு வகுப்பல்ல. பரதர் சொன்ன நடிப்பின் நான்கு அபிநயங்கள், அரிஸ்டோட்டில் சொன்ன துன்பியல் நாடகத்தின் ஆறு கூறுகள், நாடக நெறியாளர்களான ஸ்டனிஸ்லவ்ஸ்கி, பிரெக்ட் ஆகியோரின் கொள்கைகள் எல்லாம் வரும். கட்டுரை எழுதவேண்டும், ஒளி கட்டவேண்டும், வேடஉடுப்புத் தைக்கவேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தது பற்றி இப்போதே வாசித்து வையுங்கள். விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலமாக்கும்போது எது போகும், எது நிற்கும் என்று யோசித்தவருக்கு நேர்முகம் வைத்தால் பேச விடயம் இருக்கும். காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு வைத்துப் பார்த்தார். நிறுவகத்துக்கு அவர் பெயர் இருக்க, அந்த நூலைக் கேள்விப்படாமல் போவது அழகில்லை.

கல்லடி சரிவராவிட்டால் செங்கலடி தாண்டி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகக் கலை கலாசார பீடம் இருக்கிறது. கைநூலில் அதன் நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

பரீட்சையன்று பருத்தித் துணியில் தளர்வான உடுப்பு, முடியை இறுக்கக் கட்டுங்கள், மோதிரம் வளையல் வேண்டாம். தம்பிலுவிலிலிருந்து காலை பஸ்ஸை நம்பாமல் முதல்நாளே கல்லடிப் பக்கம் வந்து தங்குவது நல்லது. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மடங்கி இருந்த முழங்கால் உடனே ஆட வராது.