முகத்துவாரத்தில் ஒரு ‘பார்’

வணக்கம் ஐயா,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். துறைமுக வாயிலில் ‘பார்’ (bar) இருப்பதால் படகுகள் உள்ளே வரமுடியவில்லை என்று ஆங்கிலப் பேப்பரில் படித்துவிட்டு, “அங்கே ஏதும்மா பார்?” என்கிறாள். அகராதியைத் திறந்தால் ஏகப்பட்ட அர்த்தம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள அம்மா,

பாண்டிச்சேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார் என்றதும் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்!

மனப்பாடம் வேண்டாம். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தக் குறுக்கே இறக்குகிறார்களே ஒரு கம்பம், அதுதான் பார். குறுக்கே கிடப்பது, மறிப்பது. முக்கால்வாசி அர்த்தங்கள் இதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் ஊர் முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஒரு பக்கம் மண்ணைக் கொண்டுவர, அலை மறுபக்கம் மணலைத் தள்ள, வாயிலுக்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் ஒரு மேடு சேர்ந்துவிடும். ‘முகத்துவாரம் தூர்ந்துபோச்சு’ என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். ஆழம் இல்லாததால்தான் அந்நாளில் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைத் தோணியில் ஏற்றி இறக்கினார்கள். பேப்பர்காரர் எழுதிய பார் அந்த மணல்மேடு.

மதுக்கடைக்குப் பெயர் வந்ததும் குடிப்பவருக்கும் ஊற்றுபவருக்கும் நடுவே இருந்த தடுப்பால். கோர்ட்டிலும் ஒரு தடுப்பு உண்டு. அதிலிருந்து வக்கீல் தொழிலுக்கே பார் என்று பெயராகி, பாரிஸ்டரும் வந்தார். ஆங்கிலத்தில் பாருக்கு முன்னால் ‘எ’ (a) போட்டால் குடிக்கிற இடம், ‘த’ (the) போட்டால் பெரும்பாலும் வக்கீல்கள். 1891இல் காந்தி ‘பாருக்கு அழைக்கப்பட்டார்’ என்று அப்படியே தமிழில் எழுதினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அவர் பாரிஸ்டர் ஆனார், அவ்வளவுதான்.

வினைச்சொல்லாக வந்தால் தடை செய்வது. கடன் பத்திரத்தை நாள் கடந்து கொண்டுபோனால் ‘டைம் பார் ஆயிடுச்சு’ என்பார்கள். சோப்பு, சாக்லேட் எல்லாம் நீளமான கட்டி என்பதால் வந்த பெயர்.

ஒன்றே ஒன்று இந்தக் கூட்டத்தில் சேராது. புயல் செய்தியில் வரும் மில்லிபார். அந்தப் பார் வேறு சொல். எடையைக் குறிக்கும் ‘பரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பாரோமீட்டரும் அதன் உறவுதான். கடல் மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். இப்போது வானிலை அறிக்கையில் ஹெக்டோபாஸ்கல் என்று போடுகிறார்கள். எண் அதேதான், மகள் குழம்ப வேண்டாம்.