கோத்தகிரி குளிர்ல கோழிக்குஞ்சு சாகுதா? மொதல்ல பல்பைப் பாருங்க

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில (படுகர் ஊர்ல) இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. நவம்பர்ல மேட்டுப்பாளையத்துல இருந்து பொறிச்சு ரெண்டு நாளான 15 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிட்டு வந்தாங்களாம், பத்து நாள்ல ஒம்போது போயிடுச்சு, அட்டைப்பெட்டியில பல்பு போட்டுத்தான் வெச்சிருந்தாங்க, மீதி ஆறும் மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்குது, பக்கத்து வீட்டுலயும் இதே கதைதான், இது வெள்ளைக்கழிச்சலா (கோழிக்குக் கோழி தொத்திக் கொல்ற நோய்), ஊசி போடணுமான்னு.

அக்கா, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுன்னு சொன்னீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. நான் பாத்த வரைக்கும் நம்ம மலையில மொத ரெண்டு வாரத்துல நோயை விட குளிர்தான் நெறைய குஞ்சைக் கொல்லுது. நீங்க போட்டது எல்ஈடி பல்பா இருந்தா அது வெளிச்சம்தான் குடுக்கும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. பழைய குண்டு பல்பு வேணும். மொத வாரம் குஞ்சு நிக்கிற எடத்துல 35 டிகிரி இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி கொறைச்சுக்கிட்டே வரலாம். கீழ நாட்டுல குஞ்சுக்கு 2 வாட்னு கணக்கு சொல்லுவாங்க, இங்க டிசம்பர் ராத்திரிக்கு அது எந்த மூலைக்கு? உங்க ஆறு குஞ்சுக்கு 40 வாட்ல ரெண்டு பல்பு போடுங்க, ஒண்ணு ஃப்யூஸ் போனாலும் விடியற வரைக்கும் இன்னொண்ணு காப்பாத்தும். பெட்டியில முழுக்க சூடு வேண்டாம், ஒரு பக்கம் சூடா ஒரு பக்கம் ஆறலா இருந்தா வேணுங்கற எடத்துக்கு அதுவே போய்க்கும். பல்புக்கு அடியிலயே குவிஞ்சா பல்பை எறக்குங்க, ஓரத்துல போய் வாயைத் தொறந்து மூச்சு வாங்குனா ஏத்துங்க, எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்குனா எங்கிருந்தோ காத்து அடிக்குதுன்னு அர்த்தம், கதவு இடுக்கைப் பாருங்க.

நம்ம பக்கம் ஐப்பசி மழையில மரம் விழுந்து ராத்திரி முழுக்க கரண்ட் இருக்காது, அப்போ நெறைய பேர் கரி அடுப்பைப் பத்தவெச்சு ரூமைச் சாத்திடுறாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, அந்தப் புகை குஞ்சை மட்டும் இல்ல, உள்ள படுத்திருக்கிற ஆளையும் கொல்லும். சுடுதண்ணி பாட்டில்ல ஊத்தி சாக்கு சுத்தி நடுவுல வைங்க, ஆற ஆற மாத்துங்க. அடுத்த தடவை குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி யார் வீட்டுக் கோழி அடையில உக்காந்திருக்குன்னு ஹட்டியில விசாரிங்க. பொறிச்சு ஓரிரு நாள் ஆன குஞ்சை ராத்திரி இருட்டுல அதோட றெக்கைக்கு அடியில விட்டா பெரும்பாலும் சேத்துக்கும், வளந்த குஞ்சுன்னா கொத்தி வெரட்டிடும். எந்த பல்பும் அந்தத் தாய்க்கோழிக்கு ஈடாகாது.

கீழ ஈரம் இருக்கவே கூடாது. உமி இங்க சுலபமா கிடைக்காது, சில்வர் ஓக் மரம் இழைக்கிற கடையில சுருள் கேட்டு வாங்கிப் போடுங்க. ஈரத்துல விட்டா மூணு வாரத்துக்கு மேல ரத்தக்கழிச்சல் வரும்.

இப்போ ஊசி. வெள்ளைக்கழிச்சல் வந்துட்டா மருந்து கிடையாது, முன்னாடியே தடுக்கணும், அதனால இதை விடாதீங்க. ஏழாம் நாள் லசோட்டாங்கற தடுப்பு மருந்து கண்ணுல ஒரு சொட்டு, உங்களுக்கு அது தாண்டிடுச்சு, பரவாயில்ல, குஞ்சு தெம்பானதும் போடுங்க. நாலாவது வாரம் இன்னொரு தடவை, எட்டு வாரத்துல றெக்கைக்கு அடியில ஊசி. சிக்கல் என்னன்னா குப்பியில 100 டோஸுக்குக் கொறைஞ்சு கிடைக்கிறது கஷ்டம், கலக்கிட்டா ஐஸ்ல வெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும், ஆறு குஞ்சுக்காக வாங்குனா மீதி வீண்தான். அதனாலதான் சொல்றேன், பக்கத்து வீட்டுலயும் இதே கதைன்னீங்கல்ல, ஹட்டியில பத்து வீடு சேந்து ஒரு நாள் குறிங்க, ஒரு குப்பி, ஒரு தெர்மாஸ் ஐஸ், வீடு வீடா போயிடலாம். ஒரு வீடு போடாம விட்டாலும் நோய் அங்கிருந்து சுத்தி வரும். வருஷா வருஷம் பிப்ரவரியில கால்நடைத் துறை இலவசமா முகாம் நடத்துறாங்க, பெரிய கோழிக்கு அதுலயே போட்டுக்கலாம்.

எல்லாரும் சேந்து வளக்கும்போது கோழி கைமாறும், கோழியோட நோயும் கைமாறும். புதுசா எது வந்தாலும் மூணு வாரம் தனியா அடைச்சு வைங்க. இனிமே ஒரு குஞ்சு செத்தாலும் பொதைச்சிடாதீங்க, கவர்ல கட்டி ஐஸ் வெச்சு அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துட்டுப் போங்க, அறுத்துப் பாத்தா குளிரா நோயான்னு தெரிஞ்சுடும்.

தீனியில ஒண்ணே ஒண்ணு, நம்ம ஊருக்குன்னே சொல்றேன். கோஸ் எலை, கேரட் எலை தாராளமா போடலாம், ஆனா பச்சை புடிச்ச உருளைக்கிழங்கு, அதோட முளை, பட்டர் ஃப்ரூட் தோல், கொட்டை, எலை எல்லாம் கோழிக்கு விஷம், அடுப்படிக் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்துட்டு மீதியைக் கொட்டுங்க.