பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா?

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. இதில் 11 ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வேறு வழி இல்லையா?

பதில்: அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது உண்மைதான், ஆனால் அதனால் மெஷின் நின்றுபோகாது, பாதுகாப்பு அப்டேட்தான் வழக்கம்போல் தானாக வராது. அதுவும் சின்ன விஷயமில்லை, நெட் பேங்கிங் செய்பவர் என்றால்.

எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று இருக்கிறதா? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு மென்பொருளும் அடங்கிய ஒரே ஃபைல்) அதன் இணையதளத்திலேயே இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராம் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். (பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் வேறு இடத்தில் போட்டு வையுங்கள்!) லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள் (பல பிராண்டுகளில் இதுதான்), ஹெச்பி என்றால் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றையும் பாருங்கள், சரியாக வந்தால் அப்புறம் இன்ஸ்டால் செய்யலாம். லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, வேர்டு, எக்செல் ஃபைல்கள் பெரும்பாலும் ஒழுங்காகத் திறக்கும். எல்லாம் இலவசம்.

டாலியில் கணக்கு எழுதுபவரா? அது விண்டோஸுக்கான மென்பொருள், அப்படியென்றால் மின்ட் உங்களுக்குச் சரிப்படாது.