மகனுக்கு மரபணு சோதனை தேவையா?

வணக்கம். என் அண்ணனுக்கு இருபது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மனநோய்க்கான புதிய மரபணு ஒன்றை ஒரு குரோமோசோமில் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தி படித்தேன். என் மகனுக்குப் பதினைந்து வயது. அவனுக்கு அது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாமா? பார்க்காமல் விட்டால் என் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பார்க்க வேண்டாம். பார்க்காமல் விடுவதில் உங்கள் தப்பும் எதுவும் இல்லை.

இப்படிச் செய்திகள் வருவது புதிதல்ல. 1987இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ சமூகத்தில், இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார்கள். நோய் வந்தவர்களிடம் மட்டும் பொதுவாக இருக்கும் குரோமோசோம் துண்டு எது என்று தேடியபோது 11ஆம் குரோமோசோமில் ஓர் இடம் சிக்கியது. உலகமே பேசியது. அப்புறம், நோய் இல்லாதவர்கள் என்று கணக்கில் வைத்திருந்த இரண்டு பேருக்கு நோய் வந்தது, குடும்பத்தில் இன்னும் சிலரையும் சேர்த்துப் பார்த்தார்கள், 1989இல் அந்த முடிவு நிற்கவில்லை. இரண்டே பேர் மாறினால் ஆட்டம் காண்கிற கணக்கு அது.

இப்போது தேடும் முறையே வேறு. 2022இல் வெளிவந்த மனச்சிதைவு ஆய்வில் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் டிஎன்ஏவை, நோயில்லாதவர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். சம்பந்தமுள்ள இடங்கள் 287 கிடைத்தன, அவை பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் அபாயத்தைத் துளி மட்டுமே கூட்டுகிறது. அவற்றில் பல உங்களிடமும் என்னிடமும் இருக்கும். மரபணு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்கள்: மரபணுக்கள் ஒன்றாகவே இருந்தும், ஒருவருக்கு நோய் வந்த ஜோடிகளில் பாதிக்கு மேல் மற்றவருக்கு வருவதில்லை.

அப்படியானால் எதற்கு இந்தத் தேடல் என்று கேட்பீர்கள். நோய் மூளைக்குள் என்ன செய்கிறது என்று அறியத்தான், எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. 6ஆம் குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் சி4 என்று ஒன்று உண்டு. சிலருக்கு அதன் பிரதிகள் அதிகம், சிலருக்குக் குறைவு. வளரும் வயதில் நரம்பு செல்களுக்கு இடையே தேவையில்லாத இணைப்புகளை மூளை கழித்துக்கட்டும், அந்த வேலையில் சி4க்குப் பங்கு உண்டு; அதன் ஒரு வகை கூடுதலாகச் செயல்படுகிறவர்களுக்கு நோயின் அபாயம் சற்று அதிகம் என்று 2016இல் காட்டினார்கள். நோய் ஏன் இளவயதில் தலைகாட்டுகிறது என்பதற்கு இது ஒரு தடயம். உங்கள் அண்ணனுக்கு வந்தது வளர்ப்பினாலோ மன உறுதி இல்லாததாலோ அல்ல என்று நான் தைரியமாகச் சொல்வதும் இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அண்ணனுக்குப் பிறவியிலேயே இதயக் குறையோ அண்ணப் பிளவோ கால்சியம் குறைவோ இருந்திருந்தால் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்குச் சோதனை செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் அது அவரிடம் புதிதாக நேர்ந்ததாகத்தான் இருக்கும், பெற்றோரிடமிருந்து வந்ததாக இருக்காது.

மகன் விஷயத்தில் செய்யக்கூடியது வேறு. கஞ்சா இந்த அபாயத்தைக் கூட்டும் என்பதை அவனிடம் ஒளிக்காமல் பேசுங்கள். தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு ஒதுங்கி, காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தான் என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்கள் மேலாகத் தேறுகிறார்கள்.