வாசகர் கேள்வி-பதில்: வீடியோவில் பாடம், வகுப்பில் கணக்கு

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். பாடத்தை முன்கூட்டியே வீடியோவில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போடும் 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' முறைக்கு மாறச் சொல்கிறார்கள். வீடியோ அனுப்பினால் பாதிப் பேர் பார்க்காமலே வருகிறார்கள். என்ன செய்யலாம்?
– உதவிப் பேராசிரியர், சேலம்

பதில்: பார்க்காமல் வந்தவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தாதீர்கள். ஒரே ஒரு முறை நடத்திவிட்டாலும், 'எப்படியும் சார் நடத்துவார்' என்று, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிடுவார்கள். இந்த முறை பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கிறது.

வீடியோ 6 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்துப் பாடங்களை ஆராய்ந்தபோது, நீளமான வீடியோக்களிலும் மாணவர்கள் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடித்தார்கள். என்பிடெல் (ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளம்) விரிவுரையை முழுதாக அனுப்பாமல், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்துக் கொடுங்கள். விடுதியில் நெட் இழுக்காது; டவுன்லோட் செய்துகொள்ளும்படி சிறிய ஃபைலாகவும், அதே விஷயத்தை இரண்டு பக்கக் குறிப்பாகவும் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பு தொடங்கியதும் 5 நிமிடம், 3 கேள்வி, அக மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு. அடுத்தது, ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட வழி. ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட் மின்னழுத்த மூலம், அதோடு தொடரில் 4 ஓம், முனைகளுக்குக் குறுக்கே 12 ஓம். தெவனின் மின்தடை (மூலத்தை ஷார்ட் செய்துவிட்டு முனைகளிலிருந்து பார்த்தால் தெரியும் மொத்த மின்தடை) எவ்வளவு? விடைகள் 3, 4, 12, 16. விடைக்கு ஒரு நிறமாக நான்கு அட்டைகள் கொடுத்து, தன் விடைக்கான அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள்; பக்கத்தில் இருப்பவர் பார்த்து மாற்ற முடியாது. 16 என்பவர் இரண்டையும் தொடராக எண்ணிக் கூட்டியிருக்கிறார். 12 என்பவர் மூலத்தை ஷார்ட் செய்யாமல் கழற்றிவிட்டிருக்கிறார். 4 என்பவர் 12 ஓமை லோடு என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறார். மூலத்தை ஷார்ட் செய்தால் 4 ஓமும் 12 ஓமும் இணையாகிவிடும்; விடை 3. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் அந்தக் கருத்தை மட்டும் விளக்குங்கள். 70ஐத் தாண்டினால் மேலே போங்கள். இடையில் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு 2 நிமிடம் வாதிடவிட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். விடையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வாதமே நடக்காது.

இப்படித் தவறான விடைகளை யோசித்து எழுதுவதற்குத்தான் நேரம் பிடிக்கும், வீடியோ எடுப்பதற்கு அல்ல. அதனால் முதல் பருவத்தில் ஒரே ஒரு யூனிட்டில் மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: கரும்பலகையில் நடத்தினால் எனக்கு நன்றாகப் புரிகிறது. கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னால் திணறுகிறேன். பழைய முறைதானே நல்லது?
– மாணவி, திருச்சி

பதில்: ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இதையே அளந்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். தாங்களே கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால், குறைவாகத்தான் கற்றோம் என்று சொன்னார்கள். தடையில்லாமல் ஓடும் விரிவுரை, கற்றுவிட்டோம் என்ற நினைப்பைத் தந்துவிடுகிறது. உங்கள் திணறல் பாடம் உள்ளே இறங்குவதன் அடையாளம், பயப்படாதீர்கள். வீடியோவில் கணக்கு தொடங்கியதும் நிறுத்தி, நீங்களே போட்டுப் பார்த்த பிறகு தொடருங்கள். மாட்டிக்கொண்ட வரியைக் கோடிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

ஆனால் ஆசிரியர் வீடியோவை அனுப்பிவிட்டு வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால், உங்கள் குறை நியாயமானது. பெஞ்சு பெஞ்சாக வந்து நோட்டைப் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் விரிவுரையே வேண்டாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டும். புது யூனிட்டின் முதல் வகுப்பு, நீண்ட தேற்ற நிறுவல், மாணவர்களுக்கு முன்பின் தெரியாத பாடம் ஆகியவற்றுக்கு நல்ல விரிவுரையே ஏற்றது. அங்கும் கால் மணிக்கு ஒரு கேள்வி கேட்டு, எல்லோரையும் நோட்டில் விடை எழுத வைத்துவிட்டுத் தொடரலாம்.